ஆற்றங்கரை பம்ப் ஹவுஸை ஆளில்லாமல் ஓட்டலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். ஆலைக்குத் தண்ணீர் தரும் பம்ப் ஹவுஸ் 11 கிலோமீட்டர் தள்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது. 75 எச்.பி. மோட்டார் இரண்டு, ஒன்று ஓடும், ஒன்று ஸ்டாண்ட்பை. இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே தங்கிப் பார்த்துக்கொண்ட வாட்ச்மேன் சீக்கிரம் நின்றுவிடப் போகிறார், இரவில் தங்கப் புது ஆள் கிடைக்கவில்லை. மொபைலில் பார்த்து ஆன், ஆஃப் செய்கிற சிஸ்டத்துக்கு மூன்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறீர்கள், அதில் எதை எடுக்கலாம் என்பது கேள்வி.

ஆளில்லாமல் தாராளமாக ஓட்டலாம். ஆனால் நீங்கள் அனுப்பிய மூன்று கொட்டேஷனையும் படித்தேன், மூன்றிலும் திரை, ஆப், கிளவுட், தினசரி ரிப்போர்ட் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது, சிக்னல் போய்விட்டால் அந்த மோட்டார் என்ன செய்யும் என்பதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம், ஏனென்றால் உங்கள் அமைப்பில் மோட்டார் ஓரிடம், தொட்டி இன்னோரிடம். தொட்டி நிரம்பிவிட்டது என்ற சேதி 11 கிலோமீட்டர் பயணம் செய்து வந்தால்தான் மோட்டார் நிற்கும் என்றால், நடுவில் இருக்கும் ஒவ்வொரு செல்போன் டவரும் உங்கள் ஸ்டார்ட்டரின் ஒரு பாகம் ஆகிவிடுகிறது.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில வருடங்களுக்கு முன் நாங்கள் செய்துகொடுத்த ஒரு சைட்டில், கன்ட்ரோல் ரூம் திரையில் தொட்டி மட்டம் 3.2 மீட்டர் என்று காட்டிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் 3.2, ராத்திரி 3.2, விடியற்காலையிலும் 3.2. மோட்டார் ஓடுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காலையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் போன் பண்ணி, "உங்க தொட்டி வழிஞ்சு என் சோளக்காட்டுல முழங்கால் தண்ணி நிக்குது"ன்னு சத்தம் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. தொட்டிப் பக்க மோடம் முந்தின நாளே ஹேங் ஆகியிருக்கிறது. கடைசியாக வந்த எண்ணைத் திரை பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொண்டு காட்டியிருக்கிறது. தப்பு மோடம் மேல் இல்லை, மோடம் என்றால் ஹேங் ஆகத்தான் செய்யும். பழைய எண்ணைப் புது எண் மாதிரி காட்ட விட்டது எங்கள் தப்பு.

இதற்கு வைத்தியம் சுலபமானது. சைட்டில் இருக்கும் பி.எல்.சி. (மோட்டாரை இயக்கும் சின்னக் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) பத்து விநாடிக்கு ஒருமுறை ஒரு எண்ணை ஒன்று கூட்டிக்கொண்டே அனுப்ப வேண்டும். அந்த எண் அரை நிமிடம் அசையாமல் நின்றால் திரையில் அந்த சைட்டின் எல்லா மதிப்புகளும் சாம்பல் நிறமாகி, எத்தனை மணிக்கு வந்த கடைசித் தகவல் என்று நேரம் காட்ட வேண்டும். டெமோ காட்ட வருகிறவரிடம் "சைட்டில் சிம்மைக் கழற்றுங்கள், திரையில் என்ன ஆகிறது பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறுகிறதா என்பதை வைத்தே பாதி முடிவெடுத்துவிடலாம்.

சென்சார் கம்பியிலும் இதே மாதிரி ஒரு கண்ணி இருக்கிறது. மட்டம் அளக்கும் டிரான்ஸ்மிட்டர் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை தரும். உங்கள் 5 மீட்டர் தொட்டி காலி என்றால் 4, பாதி என்றால் 12, முழுசு என்றால் 20. காலியைக் காட்ட 0 என்று வைக்காமல் ஏன் 4 என்று வைத்தார்கள்? கம்பி அறுந்தால் 0 வரும், "தொட்டி காலி" வேறு "கம்பி போச்சு" வேறு என்று பிரித்துக்கொள்ளத்தான். ஆனால் அவசரத்தில் எழுதிய புரோகிராமில் 4-க்குக் கீழே எது வந்தாலும் 0 மீட்டர் என்று எடுத்துக்கொள்வார்கள். எலி கேபிளைக் கடித்ததும் சிஸ்டம் தொட்டி வறண்டுவிட்டது என்று நினைத்து மோட்டாரைப் போட்டுவிடும், போட்ட மோட்டாரை நிறுத்தவும் மாட்டாது. 3.6-க்குக் கீழே போனால் அது மட்டம் இல்லை, பழுது என்று எழுதச் சொல்லுங்கள்.

சரி, தொட்டி நிரம்பினால் சிக்னலை நம்பாமல் எப்படி நிறுத்துவது? உங்களிடம் ஏற்கெனவே ஒரு இணைப்பு இருக்கிறது, அதுவும் மாத வாடகை இல்லாமல்: அந்த 11 கிலோமீட்டர் பைப் லைன். தொட்டியின் வாயில் மெதுவாக மூடும் ஃப்ளோட் வால்வு ஒன்று போடுங்கள். தொட்டி நிரம்பியதும் வால்வு மூடும், பைப்பில் ஓட்டம் நின்று பம்ப் பக்கம் பிரஷர் ஏறும். பம்ப் ஹவுஸில் இருக்கும் ஃப்ளோ மீட்டரும் பிரஷர் ஸ்விட்ச்சும் அதைப் பார்த்து மோட்டாரை நிறுத்திவிடும். நடுவில் டவர் இல்லை, சர்வர் இல்லை. மெதுவாக மூட வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். இரும்புக் குழாயில் அழுத்த அலை விநாடிக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் வேகத்தில் போகும், 11 கிலோமீட்டர் போய்த் திரும்ப 22 விநாடி. அதற்குள் வால்வு பட்டென்று மூடினால் அடி முழுசாக பைப்பில் விழும், எங்காவது ஒரு ஜாயின்ட் தெறிக்கும். ஒன்றிரண்டு நிமிடம் எடுத்து மூடட்டும். கரண்ட் திடீரென்று போகும்போதும் இதே அடி வரும் என்பதால் பழைய என்.ஆர்.வி. (தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) எந்த நிலைமையில் இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

கவனித்தீர்களா, இது நிறுத்த மட்டும்தான். மறுபடி தொடங்கச் சொல்வதற்கு செல்போன் இணைப்பையே வைத்துக்கொள்ளலாம், பத்து நிமிடம் தாமதமானாலும் குடி முழுகாது. நிறுத்துகிற முடிவு எல்லாம் சைட்டிலேயே, கம்பி ரிலே மட்டத்தில். தொடங்குகிற முடிவும் தகவலும் தொலைவில். இந்தப் பிரிவினையை எந்த கொட்டேஷன் ஒத்துக்கொள்கிறதோ அதை எடுங்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கு என் பதில். மீதியெல்லாம் இதற்கான விளக்கம்.

ஆளில்லாமல் ஓட்டுவது ஏதோ இணையம் வந்த பிறகு வந்த சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். சுவீடனில் குஸ்டாஃப் டாலேன் என்பவர் 1907-லேயே கலங்கரை விளக்குகளுக்கு ஒரு வால்வு செய்தார். நடுவில் கறுப்புப் பூசிய உலோகத் தண்டு ஒன்று, சுற்றிலும் பளபளப்பாக்கிய தண்டுகள் மூன்று. விடிந்ததும் கறுப்புத் தண்டு வெயிலை உறிஞ்சி மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நீளும், அது விளக்குக்குப் போகும் வாயுவை அடைத்துவிடும். இருட்டினால் சுருங்கித் திறந்துவிடும். யாரும் போகாத பாறைத் தீவுகளில் விளக்குகள் தானே எரிந்து தானே அணைந்தன. 1912-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அந்த விளக்கோடு கரைக்கு எந்தத் தொடர்பும் கிடையாது, ஆனாலும் அது தன் வேலையைச் செய்தது. நம் ஊர்ப் பக்கம் தோட்டத்தில் செல்போன் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்தே போன் போட்டு மோட்டாரை ஓட விடுகிறார்கள் இல்லையா, அதிலும் ஒழுங்காக ஓடுவது எதுவென்று பாருங்கள்: கிணறு வற்றினால் தானே நிற்கிற டிரை ரன் ரிலேயும், ஒரு ஃபேஸ் போனால் நிறுத்துகிற ப்ரிவென்டரும் ஒழுங்காக உள்ளதுதான். மற்றவர்கள் வருடா வருடம் காயில் கட்டுகிறார்கள்.

இனி கொஞ்சம் பயமுறுத்துகிறேன். அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் டாம் சாக் என்று ஒரு நீரேற்று மின் நிலையம். ராத்திரியில் கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து மலை உச்சித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, பகலில் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். 1963-இல் ஓட ஆரம்பித்தது. உச்சியில் ஆள் கிடையாது, தொலைவிலிருந்து இயக்குவது. 2004-இல் தொட்டிக்குப் புதிதாக உள்விரிப்புப் போட்டபோது மட்டம் அளக்கும் சென்சார்களையும் புதிதாக வைத்தார்கள். சென்சார்கள் இருந்த பிளாஸ்டிக் குழாய்களைப் பிடித்திருந்த கட்டு கொஞ்ச நாளில் தளர்ந்துவிட்டது. குழாய் வளைந்தது, உள்ளே சென்சார் இருக்க வேண்டிய இடத்திலிருந்து மேலே ஏறிவிட்டது. மேலே ஏறிய சென்சாருக்கு மேல் நிற்கும் தண்ணீர் குறைவுதானே, ஆகவே மட்டத்தைக் குறைத்துச் சொல்ல ஆரம்பித்தது. சென்சார் கெடவில்லை. அது இருந்த இடத்திலிருந்து உண்மையைத்தான் சொன்னது.

அப்படி நடந்தால் காப்பாற்றத் தனியாக இரண்டு எச்சரிக்கை முனைகள் இருந்தன, தண்ணீர் தொட்டால் பம்பை நிறுத்துவதற்கு. ஆனால் அவற்றை வைத்திருந்த உயரம் சுற்றுச்சுவரின் மிகத் தாழ்ந்த இடத்தைவிட மேலே. அதாவது தண்ணீர் அதைத் தொடுவதற்கு முன்பே சுவரைத் தாண்டி வழிந்துவிடும். போதாததற்கு, இரண்டில் ஒன்று தொட்டாலே நிறுத்து என்று இருக்க வேண்டிய லாஜிக், இரண்டும் தொட்டால்தான் நிறுத்து என்று மாறியிருந்தது. 2005 செப்டம்பரிலேயே ஒருமுறை சுவரைத் தாண்டித் தண்ணீர் சிந்தியிருக்கிறது. அளவு தப்பாக வருகிறது என்பது பணியாளர்களுக்குத் தெரிந்து, புரோகிராமில் ஒரு சின்னத் திருத்தம் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். 2005 டிசம்பர் 14 விடியற்காலை ஐந்தேகால் மணி வாக்கில் வழிந்த தண்ணீர் அணையின் அடியை அரித்து ஒரு பக்கம் அப்படியே உடைந்தது. சுமார் 380 கோடி லிட்டர், அரை மணி நேரத்துக்குள். கீழே இருந்த பூங்காவின் கண்காணிப்பாளர் வீட்டையே தூக்கிக்கொண்டு போனது. அவர், மனைவி, மூன்று குழந்தைகள், ஐந்து பேரும் உயிர் பிழைத்தார்கள். டிசம்பர் குளிர் என்பதால் பூங்காவின் முகாம் காலியாக இருந்தது. அதே வெள்ளம் கோடை விடுமுறையில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மேலே ஒரே ஒரு ஆள் டார்ச் லைட்டோடு நின்றிருந்தால் போதும், சுவர் மேல் தண்ணீர் வழிகிறது என்று சொல்லியிருப்பார். ஆளை எடுத்துவிட்டு அவர் கண்ணுக்குப் பதிலாக நாம் எதை வைக்கிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது. உங்களுக்கு இதிலிருந்து நேராக எடுத்துக்கொள்ள வேண்டியது: தொட்டியில் டிரான்ஸ்மிட்டர் தவிர வேறு வகையில் வேலை செய்யும் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச், வழியும் குழாயின் விளிம்புக்கு உறுதியாகக் கீழே, தனிக் கம்பியில். அப்புறம் பி.எல்.சி.யில் ஒரு எளிய கணக்கு: மணிக்கு இத்தனை கன மீட்டர் ஏற்றியிருக்கிறோம், ஆலை இத்தனை எடுத்திருக்கிறது, மட்டம் இத்தனை ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை என்றால் ஒன்று சென்சார் பொய் சொல்கிறது, இல்லை பைப்பில் ஓட்டை. இரண்டில் எதுவானாலும் மோட்டார் நிற்பது நல்லது.

வாட்ச்மேன் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அவரைக் காவலுக்கு இருக்கிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் ராத்திரி அவரோடு தங்கிப் பாருங்கள். பம்ப் ஓடும் சத்தத்தில் கூழாங்கல் உருட்டுகிற மாதிரி வந்தால் எழுந்து போய்ச் சல்லடையைப் பார்ப்பார், ஆற்றில் புதுத் தண்ணீர் வந்து தழை அடைத்திருக்கும். பேரிங் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். கிளாண்டில், அதாவது தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில், தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகவும் கூடாது, நிற்கவும் கூடாது, அதைப் பார்த்து நட்டை அரைத் திருகு திருகுவார். ஸ்டார்ட்டரைப் போடும் முன் வோல்ட் மீட்டரில் மூன்று ஃபேஸையும் திருப்பிப் பார்ப்பார். இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வேண்டும்: உறிஞ்சும் பக்கம் பிரஷர், பேரிங்கில் வெப்பநிலை, காயிலில் சூடு பார்க்கும் தெர்மிஸ்டர், ஃபேஸ் போவதையும் லைனில் வேலை நடந்த பிறகு ஃபேஸ் வரிசை மாறி வருவதையும் பிடிக்கிற ரிலே. கிளாண்டுக்கு மட்டும் சென்சார் தேடாதீர்கள், சொட்ட வேண்டிய தேவையே இல்லாத மெக்கானிக்கல் சீலுக்கு மாறிவிடுங்கள்.

அவர் செய்கிற இன்னொரு வேலை உங்களுக்கே தெரிந்திருக்காது. மோட்டாரைப் போடும் முன் உறிஞ்சு குழாய்ப் பக்கம் யாராவது குளிக்கிறார்களா என்று எட்டிப் பார்த்து ஒரு சத்தம் கொடுப்பார். ஆலையில் உட்கார்ந்து பட்டனை அமுக்குகிறவருக்கு அந்தச் சின்னப் பையன்கள் தெரியமாட்டார்கள். ஆகவே ஸ்டார்ட் கட்டளை வந்ததும் முப்பது விநாடி சைரன், அதற்குப் பிறகுதான் மோட்டாருக்குக் கரண்ட் தரும் கான்டாக்டர் விழ வேண்டும். சுற்றி வேலி, ஆற்றைப் பார்த்து ஒரு கேமரா. கேமராவைத் திருடனுக்காக மட்டும் வைக்காதீர்கள்.

ரிப்பேருக்குப் போகிறவர் பாதுகாப்பும் இதில்தான் வருகிறது. பேனலில் லோக்கல், ஆஃப், ரிமோட் என்று ஒரு செலக்டர் இருக்கட்டும், ஆஃபில் இருந்தால் தொலைவிலிருந்து எந்தக் கட்டளையும் கம்பி அளவிலேயே போகக் கூடாது, சாப்ட்வேரில் தடுப்பது போதாது. எங்களிடம் இருந்த ஒரு பழைய ஃபிட்டர் எந்த மோட்டாரில் கை வைக்கும் முன்பும் கன்ட்ரோல் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், வேலை முடிந்தால்தான் வெளியே வரும். இப்போது அதற்குப் பூட்டுப் போடுகிற ஐசோலேட்டர் இருக்கிறது, வாங்கிப் போடுங்கள். செலக்டர் எந்த நிலையில் இருக்கிறது என்பது திரையிலும் தெரிய வேண்டும், இல்லையென்றால் லோக்கலில் விட்டுவிட்டு வந்துவிட்டு, சிஸ்டம் வேலை செய்யவில்லை என்று கம்பெனிக்காரருக்குப் போன் போடுவீர்கள்.

ட்ரிப் ஆன மோட்டாரை மொபைலிலிருந்து ரீசெட் பண்ணும் வசதி எல்லா கொட்டேஷனிலும் பெருமையாக எழுதியிருக்கிறது. அதைக் கட்டுப்படுத்துங்கள். வோல்டேஜ் குறைந்து நின்றது என்றால் தானே எழுந்து ஓடட்டும். ஓவர்லோடு என்றால் ஆறவிட்டு ஒரே ஒரு முறை. எர்த் ஃபால்ட் (கரண்ட் தரைக்குக் கசிவது), பைப் உடைந்த மாதிரி ஓட்டம் கூடிப் பிரஷர் இறங்கியது, இந்த இரண்டுக்கும் ரிமோட் ரீசெட் கிடையவே கிடையாது, ஒரு ஆள் பைக்கை எடுத்துக்கொண்டு போயே ஆக வேண்டும். படுக்கையில் படுத்தபடியே நாலு முறை ரீசெட் அமுக்கிக் காயிலைக் கருக்கியவர்களை எனக்குத் தெரியும்.

அலாரமும் அப்படித்தான். போனில் ஒரு நாளைக்கு எண்பது மெசேஜ் வந்தால் மூன்றாம் நாள் எல்லோரும் சத்தத்தை அணைத்துவிடுவார்கள். பெரிய ஆலைகளுக்கான ஈ.ஈ.எம்.யூ.ஏ. 191 என்ற வழிகாட்டி, முழு நேரமும் திரை முன் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்கே சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்றுக்குக் குறைவாக இருந்தால்தான் கவலையில்லாமல் ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது. உங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு வேறு நூறு வேலை. யாராவது எழுந்து ஏதாவது செய்தாக வேண்டும் என்றால் மட்டும் போன் அடிக்கட்டும், மற்றது லாகில், அதாவது சிஸ்டத்தின் பதிவேட்டில், போய் உட்காரட்டும்.

பாதுகாப்பு பற்றி இரண்டு சம்பவம் மட்டும். 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மரூச்சியில் கழிவுநீர் பம்ப் நிலையங்களை ரேடியோ மூலம் குளறுபடி செய்து, எட்டு லட்சம் லிட்டர் சாக்கடையை ஓடைகளிலும் பூங்காக்களிலும் விட்டார் ஒருவர். வெளியாள் இல்லை, அந்த அமைப்பை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர்; காரில் லேப்டாப்பும் ரேடியோவுமாகப் பிடிபட்டார். 2023 நவம்பரில் அமெரிக்காவின் அலிக்விப்பாவில், உங்களுடையது போலவே ஆளில்லாத ஒரு நீர் பூஸ்டர் நிலையத்தின் பி.எல்.சி.யை இணையம் வழியாகப் பிடித்துவிட்டார்கள், ஊழியர்கள் போய் மேனுவலுக்கு மாற்றி ஓட்டினார்கள். அந்த வகைக் கருவிகளை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்காதீர்கள், கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று அதற்குப் பிறகு அமெரிக்க அரசே எச்சரிக்கை விட்டது. உங்கள் கொட்டேஷன் ஒன்றில் "ஸ்டேட்டிக் ஐ.பி. சிம், மோட்பஸ்" என்று இருக்கிறது, அதாவது இணையத்தில் மாறாத முகவரி உள்ள சிம், கருவிகள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் என்ற முறை. மோட்பஸ் 1979-இல் வந்தது, அதில் பாஸ்வேர்டு என்ற பேச்சே இல்லை. கேட்கிறவருக்கெல்லாம் கதவைத் திறக்கும். வி.பி.என். (வெளியாள் நுழையாதபடி பூட்டிய தனி இணைப்பு) இல்லாமல் அதைப் போடவே கூடாது, வேலை முடித்துப் போகிற கான்ட்ராக்டரின் லாகினை அன்றைக்கே நீக்குங்கள்.

கடைசியில் பெரும்பாலான சைட்டைப் படுக்க வைப்பது ஹேக்கர் இல்லை, பல்லி. கான்டாக்டர் சந்தில் புகுந்து இரண்டு ஃபேஸைச் சேர்த்துவிடும். கேபிள் நுழையும் ஓட்டைகளை எல்லாம் கேபிள் கிளாண்ட் போட்டு அடையுங்கள். சிலர் பேனலுக்குள் பாச்சை உருண்டை போட்டு வைப்பார்கள், அதையே நம்பி ஓட்டையைத் திறந்து விடாதீர்கள். தகரக் கூரை என்றால் பேட்டரியைத் தரைமட்டத்தில் நிழலில் வையுங்கள், 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். பேனல் கதவிலும் ரூம் கதவிலும் திறந்தால் சேதி சொல்லும் ஒரு லிமிட் ஸ்விட்ச், காப்பர் கேபிளுக்கு வருகிற ஆள் முதலில் கதவைத்தான் திறப்பார்.

வாட்ச்மேன் நிற்பதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்கிறீர்கள். முதல் மாதத்தில் சிஸ்டத்தைப் போட்டுவிடுங்கள், மீதி இரண்டு மாதம் அவரையும் அங்கேயே வைத்து இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, ராத்திரி எப்போதெல்லாம் எழுந்தீர்கள், எதற்கு எழுந்தீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள், எழுத வராது என்றால் போனில் பேசிப் பதிவு பண்ணட்டும். அந்த நேரங்களைச் சிஸ்டத்தின் லாகோடு வைத்துப் பாருங்கள். அவர் எழுந்து போன ராத்திரியில் லாக் காலியாக இருந்தால் எந்த சென்சார் விட்டுப்போயிற்று என்று தெரியும், சிஸ்டம் போட்ட கம்பெனிக்கு மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.